லட்சணமான பிள்ளை

திருப்பெரும்பூதூரில் 1017-ஆம் ஆண்டு, சித்திரைத் திருவாதிரையில், பின்னாளில் இராமாநுசர் ஆன அந்தப் பிள்ளை பிறந்தது என்பது மரபு. பார்க்க வந்த தாய்மாமன் திருமலை நம்பி, குழந்தையின் உடம்பில் இருந்த குறிகளைக் கண்டு, இது இராமனுடைய தம்பியின் அம்சம் என்று 'இளையாழ்வார்' எனப் பெயரிட்டதாகக் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. இளையாழ்வார், இராமாநுசன் இரண்டும் இலட்சுமணனையே சுட்டும். குறி பார்த்து வைத்த பெயர். அந்தப் பெயருக்குள்ளும் ஒரு குறி இருக்கிறது.

வடமொழியில் 'லக்ஷ்மன்' என்றால் அடையாளம், புள்ளி. நிலவின் கறைக்குக் காளிதாசன் ஆளும் சொல்லும் இதுதான். லக்ஷ்மணன் என்பவன் குறி உடையவன், நற்குறி உடையவன். உடன்பிறந்த 'லக்ஷணம்' தமிழில் இலக்கணமாயிற்று. (இல்லை, 'இலக்கு' தமிழ் வேர்தான் என்பார்கள் தனித்தமிழ் அறிஞர்கள். அந்த வழக்கு இங்கே வேண்டாம். எப்படிப் பார்த்தாலும் பொருள் குறிதான்.) பேச்சில் அது லட்சணமாகி அழகையே குறிக்கத் தொடங்கியது. குறி இருந்தால் லட்சணம் என்று புறப்பட்ட சொல், குறி இருந்தால் அவலட்சணம் என்பதில் வந்து நிற்கிறது.

நம்முடைய 'மறு'வும் இப்படி இரண்டு பக்கம் பேசும். திருமால் மார்பில் இருந்தால் திருமறு. முகத்தில் இருந்தால் 'மாசு மறு இல்லாத' என்ற பாராட்டுக்கு இடைஞ்சல். சங்கப் புலவர்களுக்கு இந்தக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. ஊணூர்த் தலைவனைத் தழும்பன் என்றே பாடி வைத்தார்கள்.

ஒரகடத்தில் இருக்கும் என் தங்கை மகளுக்கு வலது கன்னத்திலிருந்து இமை வரை பிறவியிலேயே செந்நிறப் படலம். "பாப்பா லட்சணமாத்தான் இருக்கா, அந்தச் செவப்பு மட்டும் இல்லாட்டி..." என்று கடைத்தெருவில் யாராவது இழுப்பார்கள். மாப்பிள்ளைக்கு கார் கம்பெனி ஒன்றில் பெயின்ட் இன்ஸ்பெக்‌ஷன். வரிசையாக எரியும் வெள்ளை விளக்குகளுக்குக் கீழே, கையுறை விரலால் கதவைத் தடவி, தூசியளவு புள்ளி தட்டுப்பட்டாலும் வட்டம் போட்டு ரீவொர்க்குக்குத் தள்ள வேண்டும். எட்டு மணிநேரம் அப்படிப் பார்த்த கண் வீட்டுக்கு வந்ததும் சட்டென்று மாறிவிடுமா? முதல் சில மாதங்கள் மகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பித்தான் பார்த்தார்.

பழி தங்கைமேல் விழுந்தது. கிரகணத்தன்று வெளியே வந்தாளாம். இந்த வகைச் செம்மறுவுக்குக் காரணம் ஜிஎன்ஏக்யூ என்ற மரபணுவில், கரு உருவான பிறகு சில செல்களில் மட்டும் ஏற்படும் மாற்றம் என்று 2013-இல் கண்டறிந்தார்கள். தாய் தின்றதும் பார்த்ததும் அதில் இல்லை, பரம்பரையும் இல்லை. ஆனால் நெற்றியிலோ இமையிலோ இருந்தால் கண் அழுத்தத்தைப் பரிசோதிப்பது அவசியம். வலிப்பு வருகிறதா என்றும் மருத்துவர் கேட்பார். தங்கை மகளுக்கு இரண்டிலும் குறையில்லை. லேசரால் நிறத்தை மங்கவைக்கலாம். பல தடவை போக வேண்டும், சிறு வயதில் தொடங்கினால் பலன் கூடுதல்.

தங்கையின் மாமியார் ஒருவர்தான் தொடக்கத்திலிருந்தே பேத்தியை 'மச்சக்காரி' என்று கொஞ்சினார். அதிர்ஷ்டசாலி என்று அர்த்தம். கேலி செய்கிறவர்கள் ஒரு பெயர் வைப்பதற்கு முன்னால் வீட்டார் ஒன்று வைத்துவிடுவது கெட்டிக்காரத்தனம். பால்வாடியில் "மூஞ்சில என்ன?" என்று கேட்ட பையனிடம், "மச்சம். உனக்கு எங்க?" என்று திருப்பிக் கேட்டாளாம்.

அவன் கையை விரித்துப் பார்த்திருக்கிறான். நியாயமான தேடல்தான். நம் ஊர்ப் பள்ளிச் சான்றிதழ்களில் 'அங்க அடையாளங்கள்' என்றொரு கட்டம் உண்டு; இரண்டு மச்சமாவது காட்ட வேண்டும். லக்ஷணம் தன் பழைய பொருளில் இன்னும் உத்தியோகம் பார்ப்பது அங்கேதான். மாசு மறு இல்லாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் அந்தக் கட்டத்தை நிரப்ப, சட்டையைக் கழற்றி முதுகெல்லாம் தேடிக்கொண்டிருப்பார்கள்.