தேயிலைத் துளைப்பானுக்குப் பெயர் வந்த கதை

பதுளை, பசறைப் பக்கத்துத் தோட்டங்களில், கவ்வாத்து முடிந்து இரண்டு வருடம் கடந்த மலையில் கொழுந்து எடுப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. வளைத்த கிளை சட்டென்று முறியும். முறிந்த இடத்தில் பென்சில் கூர் நுழையும் அளவுக்கு வட்டத் துளை, அதற்குள் கிளையைச் சுற்றி வளைந்தோடும் கருத்த சுரங்கம். குடைந்தது சுமார் இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள வண்டு.

இந்த வண்டு அறிவியல் ஏட்டில் ஏறியது 1868இல். இலங்கையிலிருந்து போன மாதிரியைப் பார்த்து ஜெர்மானியரான வில்ஹெல்ம் ஐக்காஃப் 'சைலெபோரஸ் ஃபோர்னிகேட்டஸ்' என்று பெயரிட்டார். அப்போது மலைநாடெங்கும் கோப்பிதான். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது அதற்கு முந்திய வருடம், 1867இல். ஆகவே ஐக்காஃப் பெயரிட்டபோது அதைத் தேயிலையின் எதிரியாக யாரும் அறிந்திருக்கவில்லை. 1890களில் தேயிலைக் கிளைகளில் துளைகள் தென்பட்டதும் பழி அந்தப் பெயர் மேல் விழுந்தது.

வண்டு மரத்தைத் தின்பதில்லை. தாய் வண்டு வாய்ப்பகுதியில் உள்ள சிறு பையில் பூஞ்சை வித்துகளைச் சுமந்து வந்து, சுரங்கச் சுவரில் விதைக்கிறது. வளரும் பூஞ்சைதான் புழுக்களுக்குச் சாப்பாடு. இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கேட், லூஸ் இருவரும் 1947இல் அந்தப் பூஞ்சையைப் புதிய இனமாக விவரித்தார்கள். வண்டின் பயிர் இன்னதென்று அப்போது தெரிந்தது. பயிரிடும் வண்டு எது என்ற கேள்விக்கு விடை கிடைக்க இன்னும் எழுபது வருடத்துக்கு மேல் ஆனது.

2003இல் கலிபோர்னியாவில் இதே தோற்றத்தில் ஒரு வண்டு பிடிபட்டது. பின்னாளில் அங்கே வெண்ணெய்ப்பழ மரங்களும் தெருவோர மரங்களும் அதனால் காய்ந்தன. மரபணுவைச் சோதித்தபோது, ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பது தெரிந்தது. அவற்றில் ஐக்காஃப் பார்த்தது எது? அவருடைய மூல மாதிரி இருந்தால்தான் சொல்லமுடியும். அதுவோ காணாமற்போனதாகக் கருதப்பட்டது.

அந்த மாதிரி திரும்பக் கிடைத்தது. சாரா ஸ்மித்தும் சக ஆய்வாளர்களும் அதை அளந்து, ஒப்பிட்டு, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். ஐக்காஃப் வைத்த பெயர் கலிபோர்னியாவில் மரங்களைக் கொல்லும் இனத்துக்கே உரியது. தேயிலைத் துளைப்பான் என்று அழைக்கப்பட்டவை வேறு இனங்கள். 1923இல் எக்கர்ஸ் வைத்த ஃபோர்னிகேட்டியர், 1951இல் ஷெட்ல் வைத்த பெர்பிரெவிஸ் என்ற பெயர்கள் அவற்றுக்கு மீண்டும் வந்தன.

இதை நூலகத்துச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. எந்த மரத்தை எது தாக்குகிறது, அதை அடக்கும் இயற்கை எதிரி எது என்பதெல்லாம் இனத்துக்கு இனம் மாறலாம். ஒன்றைப் பற்றிய பழைய குறிப்பை இன்னொன்றின் மேல் பொருத்தினால் உழைப்பும் பணமும் வீண். அதனால், முறிந்த கிளையைத் தூக்கி எறியுமுன் உள்ளிருக்கும் வண்டை எடுத்து, எந்த மலை, எந்தத் தேதி என்று எழுதி மதுசாரத்தில் போட்டு வைப்பது பயனுள்ள வேலை. நீண்ட காலப் பெயர்க் குழப்பம் தீர்ந்தது, யாரோ ஒருவர் ஒரு வண்டைப் பத்திரப்படுத்தியதால்தான்.