புதையல் தீவில் ஒரு பரிசல்

சிறுவர்க்கான சாகசப் புதினங்கள் பொழுதைப் போக்க மட்டுமே உதவும் என்று எண்ணுவோர் இன்றும் உளர். அத்தகைய புதினம் ஒன்றில் வரும் ஒற்றைச் சொல்லைப் பற்றிக்கொண்டு சென்றால், அச்சொல் நம்மை எவ்வளவு தொலைவு இழுத்துச் செல்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம். பயணம் ஸ்காட்லாந்தில் தொடங்கி, தர்மபுரி மாவட்டத்தின் காவிரிக் கரையில் முடிகிறது.

1881ஆம் ஆண்டுக் கோடையில் ஸ்காட்லாந்தின் பிரேமர் என்னும் சிற்றூரில் தங்கியிருந்தார் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். மனைவியின் முதல் மணத்து மகனான சிறுவன் லாயிடை மகிழ்விக்க வரைந்த தீவுப் படமொன்றே கதையாக வளர்ந்தது. 'யங் ஃபோக்ஸ்' என்ற சிறுவர் இதழில் 1881-82இல் 'கேப்டன் ஜார்ஜ் நார்த்' என்ற புனைபெயரில் தொடராக வந்து, 1883இல் நூலாயிற்று. 'புதையல் தீவு' என்று நாம் அறிந்த கதை அதுதான்.

அக்கதையில் அருஞ்சொற்கள் மிகுதி. ஆயினும் ஸ்டீவன்சன் எங்கும் அகராதி விரித்து அமர்வதில்லை. ஆளற்ற தீவில் கைவிடப்பட்ட பென் கன் என்பவன் தன் நிலையை ஒரே சொல்லால் கூறுகிறான். கதை சொல்லும் சிறுவன் ஜிம், அச்சொல் கடற்கொள்ளையர் வழங்கும் ஒரு கொடிய தண்டனையின் பெயர் என்பதைப் போகிற போக்கில் நமக்கு உணர்த்திவிடுகிறான். சொல் முதலில், பொருள் பின்னால்.

மற்றோர் இடத்தில் இம்முறை தலைகீழாகிறது. பென் கன் தன் கையாலேயே செய்து மறைத்து வைத்திருந்த படகை ஜிம் கண்டெடுக்கிறான். கரடுமுரடான மரச் சட்டம், அதன்மேல் உரோமம் உட்புறமாக இருக்கும்படி போர்த்திய ஆட்டுத்தோல், தாழ்வான ஓர் இருக்கை, ஒரு துடுப்பு. இவற்றையெல்லாம் விவரித்த பின்னரே, பண்டைப் பிரித்தானியர் செய்த 'கொரக்கிள்' போன்றது இது என்று பெயர் சொல்லப்படுகிறது. இங்கே பொருள் முதலில் நிற்கிறது, சொல் பின்னால் வருகிறது. இந்தப் படகுக்கென்றே ஓர் அத்தியாயமும் உண்டு. நேராகச் செலுத்த முயன்றால் அடங்காமல் சுழல்வதும், தன்போக்கில் விட்டால் அலைமேல் இலகுவாக ஏறி இறங்குவதும் அதன் இயல்பு என்பதை ஜிம் உயிரைப் பணயம் வைத்துக் கற்கிறான்.

ஆங்கிலத்துக்கு இச்சொல் வேல்ஸ் மொழியிலிருந்து வந்தது. அயர்லாந்தின் 'கரக்' என்னும் தோல்படகின் பெயரும் இதற்கு உறவு. ஆகவே ஆங்கிலேயச் சிறுவர்களுக்கே இது சற்று அயலான சொல்தான். நகரத்தில் வளர்ந்த ஆங்கிலச் சிறுவன் அப்படகைக் கண்டிருக்க மாட்டான், கற்பனையில்தான் கண்டிருப்பான்.

பென்னாகரத்துச் சிறுவனின் நிலை வேறு. அவன் அதை நேரில் கண்டவன்! ஒகேனக்கல்லில் காவிரி பாறைகளைப் பிளந்துகொண்டு விழும் இடத்தில், தலைமுறைகளாக மக்களை ஏற்றிச் செல்லும் பரிசல் அதே இனத்தைச் சேர்ந்ததே. மூங்கில் பிளாச்சுகளைக் கூடைபோல் முடைந்து, வெளிப்புறம் முற்காலத்தில் தோலும், பிற்காலத்தில் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் கொண்டு நீர் புகாமல் செய்வர். அடிப்பகுதி தட்டையானதால் சிறிதளவு நீரிலும் மிதக்கும். அடியில் நீண்ட மரம் இல்லாததால் பாறையில் சிக்காது. ஒருவரே தலையில் கவிழ்த்துத் தூக்கிச் செல்லலாம். அருவியும் பாறையும் சுழலும் நிறைந்த ஆற்றுக்கு இதனினும் பொருத்தமான கலத்தை எண்ணிப் பார்ப்பது கடினம்.

இவ்வகைப் படகின் தொன்மை வியப்புக்குரியது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், பாபிலோனுக்கு ஆற்றோடு இறங்கி வரும் வட்டமான தோல்படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒவ்வொரு படகிலும் ஒரு கழுதையாவது இருக்குமாம். சரக்கை விற்றபின் சட்டத்தையும் அங்கேயே விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு தரைவழியே ஊர் திரும்புவர். நீரோட்டத்தை எதிர்த்துச் செல்ல அப்படகால் இயலாது என்பதே காரணம்.

நம் நாட்டுச் சான்று வேண்டுவோர் விஜயநகரத்துக்கு வரலாம். கிருஷ்ணதேவராயர் காலத்தில், ஏறத்தாழ 1520இல், அங்கு வந்த போர்த்துகீசியர் தொமிங்கோ பயஸ், துங்கபத்திரையைக் கடக்க மக்கள் கூடைபோன்ற வட்டப் படகுகளைப் பயன்படுத்தியதைக் குறித்துள்ளார். உள்ளே பிரம்பு, வெளியே தோல். பதினைந்து இருபது பேர் ஏறலாம். தேவையெனில் குதிரையும் எருதும்கூட ஏறும். அவை நேராகச் செல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதையும் அவர் கவனிக்கத் தவறவில்லை. ஸ்டீவன்சனின் ஜிம் கற்ற பாடத்தை, ஏறத்தாழ 360 ஆண்டுகளுக்கு முன்பே பயஸ் எழுதி வைத்துவிட்டார்!

இரு நாட்டுப் படகுகளையும் ஒருசேர ஆராய்ந்த அறிஞர் ஒருவரும் உண்டு. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராகப் பணியாற்றி 1924இல் ஓய்வுபெற்ற ஜேம்ஸ் ஹார்னெல், 1933இல் தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றி 'மேன்' என்ற மானிடவியல் இதழில் கட்டுரை எழுதினார். 1938இல் பிரித்தானிய, அயர்லாந்துத் தோல்படகுகளைப் பற்றித் தனி நூலும் வெளியிட்டார். ஸ்டீவன்சன் கதையில் கண்டதையும் காவிரிப் பரிசல்காரர் கையில் வைத்திருந்ததையும் ஒரே வரிசையில் வைத்து நோக்கிய பார்வை அவருடையது.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'ஹொகெ' என்றால் கன்னடத்தில் புகை, 'கல்' கல்லேதான். விழும் நீரின் சாரல் புகைபோல் எழுவதால் இப்பெயர். பழங்கன்னடத்துச் சொல்முதல் பகரம் பிற்காலத்தில் ஹகரமாயிற்று. நம் பால் அங்கே ஹாலு, நம் பல் அங்கே ஹல்லு, நம் புகை அங்கே ஹொகெ. இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு பரிசலுக்கான கன்னடச் சொல்லைப் பாருங்கள்: 'ஹரிகோலு'. இரண்டின் தொடக்கமும் உறவுடையவை என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆற்றின் இரு கரையிலும் இரு மாநிலங்கள்; ஆனால் படகும் சொல்லும் நடுவில் மிதக்கின்றன.

மற்றொரு சுவையும் உண்டு. அகராதிகளில் இப்படகுக்குப் 'பரிசில்' என்ற வடிவமும் காணப்படுகிறது. பரிசில் என்றதும் இலக்கிய அன்பர்களுக்குப் புலவர்கள் பெற்ற கொடைதான் நினைவுக்கு வரும். தர்மபுரியின் பழம்பெயர் தகடூர். ஔவைக்கு வழங்கிய வள்ளல் அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். ஒரே ஒலியில் ஒருபுறம் அரசன் கொடை, மறுபுறம் ஏழைத் தொழிலாளியின் கூடைப் படகு. முன்னதைப் பாடநூல் கற்பிக்கிறது. பின்னதை யார் கற்பிப்பது?

இங்குதான் நம் கவலை தொடங்குகிறது. புதிய சொல் என்றாலே அயலிலிருந்து வருவது என்ற எண்ணத்துடன் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். 'கொரக்கிள்' என்ற சொல்லை மனனம் செய்யும் மாணவன், அது தன் ஊர்ப் பரிசல்தான் என்று அறியாமலே தேர்வெழுதிவிடக் கூடும். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் 'சிறு படகு' என்று எழுதி நகர்ந்துவிட்டால், சுழற்சியும் தோலும் மூங்கிலும் அச்சொல்லோடு சேர்ந்து மூழ்கிப்போகும். ஜிம் ஏன் படுத்தபடி மிதந்தான் என்பதே வாசகனுக்கு விளங்காது.

சொற்கள் தாமாக வாழ்வதில்லை; தொழில் வாழ்ந்தால்தான் அவை வாழும். காவிரியில் நீர்வரத்து மிகும்போதெல்லாம் ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை விதிக்கப்படுகிறது. பாதுகாப்பு கருதிய நடவடிக்கை அது, குறைகூற இயலாது. ஆனால் அந்நாட்களில் பரிசல்காரர் வீட்டில் வருவாயும் நின்றுவிடுகிறது. முடையவும் செலுத்தவும் அடுத்த தலைமுறை முன்வராவிட்டால், முடைதலுக்கும் செலுத்துதலுக்கும் அவர்கள் வழங்கும் சொற்களை எந்த அகராதியில் தேடுவோம்?

ஆதலால் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். சாகசப் புதினம் படிக்கும் பிள்ளை அருஞ்சொல்லில் தடுக்கி நின்றால், உடனே பொருள் கூறிவிட வேண்டாம். அப்பொருள் நம் ஊரில் எங்கேனும் இருக்கிறதா, அதை இங்கே என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று தேடச் சொல்லுங்கள். ஸ்டீவன்சனின் கதையில் பென் கன்னின் படகு கப்பல் மோதிப் போய்விடுகிறது. நம் ஆற்றில் அதன் உறவு இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது. ஒகேனக்கல் செல்லும் அன்பர்கள், பரிசலில் ஏறுவதோடு நில்லாமல், அதன் உறுப்புகளின் பெயர்களையும் பரிசல்காரரிடம் கேட்டுக் குறித்து வாருங்கள். நாமும் குறித்துக்கொள்வோம்.