கார்க் கண்ணாடியும் கருப்பு ஃபிலிமும்: நெடுங்காட்டை முன்வைத்து ஒரு சட்ட ஆய்வு

1. களம்

நெடுங்காடு கொம்யூன் காரைக்கால் மாவட்டத்தைச் சேர்ந்தது. சற்றுத் தள்ளிப் போனால் தமிழ்நாடு. காரைக்காலின் பி.ஒய். 02 பதிவெண் வண்டிகளோடு மயிலாடுதுறை, நாகப்பட்டினம் வண்டிகளும் இங்கே ஓடும். சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றை நோக்கி வெளிமாநிலக் கார்களும் வரும். எல்லை தாண்டினால் காவல்துறை மாறும், விதி மாறாது.

2. விதியும் தடையும்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 100(2)ஆம் விதிப்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத ஒளியையும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதத்தையும் உள்ளே விட வேண்டும். 2012 ஏப்ரல் 27 அன்று அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது: எவ்வளவு ஒளி விடும் கருப்பு ஃபிலிமானாலும், வேறு எந்தப் பொருளானாலும், கண்ணாடியின் மேல் கூடாது. தடை மே 4 முதல் நடப்புக்கு வந்தது. இசட், இசட் பிளஸ் பாதுகாப்புப் பெற்றவர்களுக்கு மட்டும் விலக்கு. அளவுமானி கையில் இல்லாத காவலருக்கு இத்தடை வசதிதான். ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் அந்த வசதிக்காக, கேடில்லாத ஃபிலிமும் கேடானதோடு சேர்ந்து தள்ளுபடியாகிறது என்பதே என் ஆட்சேபம்.

3. பெருக்கல் கணக்கு

கடைக்காரர் “70 சதவீத ஃபிலிம், சட்டப்படி சரி” என்பார். அது தனி ஃபிலிமின் அளவு. 75 சதவீத ஒளி விடும் பக்கக் கண்ணாடியில் அதை ஒட்டினால் மிஞ்சுவது 52.5; மயிரிழையில் தப்பும். அதே தரக் கண்ணாடி முன்னால் இருந்தால் 70க்கு வெகு கீழே. ஆகவே அளக்க வேண்டியது கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்த மொத்தத்தை.

வெயிலைக் காட்டிக் கருமையை நியாயப்படுத்துவதும் அரைகுறை வாதம். சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதைத் தடுக்க ஃபிலிம் கருப்பாக இருக்க வேண்டியதில்லை.

4. கேரளத் தீர்ப்பு

2020இல் திருத்தப்பட்டு 2021 ஏப்ரல் முதல் நடைமுறையான 100ஆம் விதி, பாதுகாப்புக் கண்ணாடியோடு பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடி அமைப்புகளையும் ஏற்கிறது. இதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், 70, 50 வரம்புக்குள் நிற்கும் ஃபிலிமுக்கு அபராதம் கூடாது என்றது. காரைக்காலோ சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லையில் உள்ளது. (கேரளத்தின் நடுவே கிடக்கும் மாஹேயும் அப்படியே!) சென்னை உயர் நீதிமன்றத்தில் கேரளத் தீர்ப்பை எடுத்துக்காட்டி வாதிடலாம், ஆனால் அது கட்டுப்படுத்தாது. எனவே நெடுங்காட்டில் ஃபிலிம் ஒட்டியவர் 177ஆம் பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய் வரையும், மறுமுறை 1,500 வரையும் அபராதம் கட்ட நேரலாம். நிறுத்திய வண்டியின் முன் கண்ணாடிக்கு உள்ளே விரிக்கும் வெயில் மறைப்பு வேறு வகை. அதை எடுத்துவிட்டுத்தானே வண்டியை எடுக்கிறோம். பக்கக் கண்ணாடியில் ஒட்டிய வலைத்திரையோடு ஓட்டுவதுதான் வம்பு.