நேர்மின்வாயில் ஒரு கழித்தல் குறி

டேனியல் கலத்தின் மின்னியக்கு விசையைக் கணக்கிடச் சொல்வது வேதியியல் தேர்வுகளில் பழகிப்போன கேள்வி. தரவும் எளியது. துத்தநாகத்தின் திட்ட மின்வாய் அழுத்தம் –0.76 வோல்ட், தாமிரத்துடையது +0.34 வோல்ட். விடை 1.10 வோல்ட். ஆனால் –0.42 என்று எழுதிவிடும் மாணவர்களும் உண்டு. கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போவது எளிது. அந்த –0.42 பிறந்த வழியைப் பார்த்தால், அதற்குப் பின்னால் ஒழுங்கான யோசனை ஒன்று இருப்பது தெரியும். துத்தநாகம் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அட்டவணையில் இருப்பதோ ஒடுக்க அழுத்தம். ஆகவே குறியை மாற்றி +0.76 ஆக்குகிறார் மாணவர். பிறகு, கேத்தோடின் அழுத்தத்திலிருந்து ஆனோடின் அழுத்தத்தைக் கழிக்க வேண்டும் என்ற மனப்பாட விதியில் அதைப் போடுகிறார். 0.34-இல் 0.76 போனால் –0.42. குறியை மாற்றிக் கூட்டுவது ஒரு முறை. மாற்றாமல் கழிப்பது இன்னொரு முறை. இரண்டும் தனித்தனியே சரியானவை. சேர்த்துச் செய்ததால் குறி இருமுறை திரும்பிவிட்டது.

மின்வேதியியலில் பெரும்பாலான தவறுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. கூட்டல், கழித்தல் என்ற இரண்டே குறிகள் இப்பாடத்தில் மூன்று வேலைகளைச் செய்கின்றன: கலத்தின் எந்த முனை நேர், எந்த முனை எதிர் என்று காட்டுகின்றன, அட்டவணையில் அழுத்தத்தின் அளவோடு வருகின்றன, கணக்கின் இறுதியில் வினை தானே நடக்குமா என்று சொல்கின்றன. தமிழ்வழியில் படிப்பவருக்கு நான்காவதாக ஒரு சுமையும் உண்டு. மின்வாயின் பெயரிலேயே குறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயரை மாற்றாமல் எத்தனை பயிற்சிக் கணக்குகள் கொடுத்தாலும் குழப்பம் தீராது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆனோடை நேர்மின்வாய் என்றும் கேத்தோடை எதிர்மின்வாய் என்றும் நம் நூல்கள் நெடுங்காலமாக எழுதிவருகின்றன. மின்னாற்பகுப்பில் இது பொருந்தும். அங்கே ஆனோடு பேட்டரியின் நேர்முனையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. டேனியல் கலத்தில் பொருந்தாது. அங்கே ஆனோடு துத்தநாகம். எலக்ட்ரான்களை வெளிச்சுற்றுக்குத் தள்ளுவதால் அதுதான் கலத்தின் எதிர்முனை. ஆக, நேர்மின்வாய் எதிர்முனையாகவும், எதிர்மின்வாய் நேர்முனையாகவும் இருப்பதாக மாணவர் எழுத வேண்டியிருக்கிறது. படித்ததைப் புரிந்துகொள்ள முயலும் பிள்ளைதான் இந்த வாக்கியத்தில் முதலில் இடறி விழும்.

ஆனோடு, கேத்தோடு என்ற மூலச் சொற்களை உருவாக்கியவர் இப்படியொரு சிக்கலை எதிர்பார்த்தே குறியைத் தவிர்த்தார். 1834-இல் மைக்கேல் ஃபாரடே தம் ஆய்வுகளுக்குப் புதுச் சொற்கள் தேடியபோது, கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் ஹியூவெல்லிடம் ஆலோசனை கேட்டார். மின்னோட்டம் உண்மையில் எப்படிப்பட்டது, எத்திசையில் ஓடுகிறது என்ற கொள்கைகள் நாளை மாறக்கூடும். மாறினாலும் சொல் நிலைக்க வேண்டும் என்பது ஃபாரடேயின் கவலை. பூமியின் காந்தத்துக்குக் காரணமாகக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு மின்னோட்டம் சுற்றுவதாக எண்ணி, மின்பகுளிக் கரைசலையும் அதற்கு இணையாக வைத்துக்கொண்டால், ஓட்டம் நுழையும் பக்கம் சூரியன் ஏறும் பக்கம். வெளியேறும் பக்கம் சூரியன் இறங்கும் பக்கம். ஹியூவெல் கொடுத்த கிரேக்கச் சொற்களின் பொருளும் அதுவே: ஆனோடு மேலேறும் வழி, கேத்தோடு கீழிறங்கும் வழி. இரண்டிலும் நேருமில்லை, எதிருமில்லை. மின்னோட்டம் கரைசலுக்குள் புகும் இடம் ஆனோடு என்ற அந்த வரையறை டேனியல் கலத்துக்கும் மின்னாற்பகுப்புக் கலத்துக்கும் ஒருசேரப் பொருந்துகிறது. மின்வாய் என்ற நம் சொல்லும் அழகானதே; வாயில் என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. அதன் முன்னால் சேர்ந்த நேர், எதிர் என்ற அடைமொழிகளில்தான் கோளாறு.

இதைக் கண்ணால் காண விரும்புபவர் வீட்டு இன்வெர்ட்டரின் ஈய-அமில பேட்டரியைப் பார்க்கலாம். மின்சாரம் நின்று விசிறி பேட்டரியில் ஓடும்போது, ஈயத் தகடு ஈய சல்பேட்டாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது; அது ஆனோடு. ஈய டைஆக்சைடுத் தகடு ஒடுக்கம் அடைகிறது, அது கேத்தோடு. மின்சாரம் திரும்பி பேட்டரி சார்ஜ் ஏறத் தொடங்கியதும் இரண்டு வினைகளும் தலைகீழாகின்றன. சற்றுமுன் ஆனோடாக இருந்த தகடு இப்போது கேத்தோடு. ஆனால் உறையில் பொறித்திருக்கும் பிளஸும் மைனஸும் அப்படியேதான் இருக்கின்றன. மெக்கானிக் சிவப்பு வயரை மாட்டிய இடம் மாறவில்லை. முனையின் குறி பொருளைச் சார்ந்தது, ஆனோடு என்ற பெயர் நடக்கும் வினையைச் சார்ந்தது. நேர்மின்வாய் என்ற சொல், சார்ஜ் ஏறும்போது உண்மையாகவும் இறங்கும்போது பொய்யாகவும் ஆகிறது.

பெயர்ச் சிக்கல் தமிழுக்கு உரியதென்றால், அட்டவணையின் குறிச் சிக்கல் உலகுக்கே பொதுவாக இருந்தது. அமெரிக்காவில் வெண்டல் லாட்டிமர் 1938-இல் வெளியிட்ட நூல் ஆக்சிஜனேற்ற அழுத்தங்களைத் தொகுத்தது. அதில் துத்தநாகத்துக்கு +0.76. ஐரோப்பிய மரபில் அதே துத்தநாகம் –0.76. 1953-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய பன்னாட்டு வேதியியல் ஒன்றியம், மின்வாய் அழுத்தம் என்றால் ஒடுக்க வினைக்குரியதே என்று முடிவுசெய்தது. குறியை மாற்றிக் கூட்டும் முறை பழைய மரபின் எச்சம். மாற்றாமல் கழிக்கும் முறை ஸ்டாக்ஹோம் முடிவுக்கு ஏற்றது. –0.42 எழுதிய மாணவரின் தாளில் இவ்விரு மரபுகளும் மோதிக்கொண்டிருக்கின்றன.

புதிய மரபை ஏன் ஏற்க வேண்டும்? துத்தநாக மின்வாயைத் திட்ட ஹைட்ரஜன் மின்வாயோடு இணைத்து அளந்தால், துத்தநாகமே எதிர்முனையாக இருக்கும். சமன்பாட்டை வலமாக எழுதினாலும் இடமாக எழுதினாலும் அந்த உலோகத் துண்டின் நிலை மாறாது. அட்டவணையில் உள்ள கழித்தல் குறி அளந்து கண்ட செய்தி. அதைத் திருப்ப நமக்கு உரிமையில்லை.

ஆனால், ஒப்பிட்டு அளக்கும் அந்த ஹைட்ரஜன் மின்வாயின் அழுத்தம் சுழி என்பது நாமாக வைத்துக்கொண்டது. தனியொரு மின்வாயின் அழுத்தத்தை அளக்க வழியில்லை. வோல்ட்மீட்டரின் இரண்டாவது கம்பியைக் கரைசலில் நனைத்த கணமே அது இன்னொரு மின்வாயாகிவிடும். ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயரோடு கடல் மட்டத்திலிருந்து உயரமும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்போம். கடல் மட்டத்துக்குப் பதிலாக வேறொன்றைச் சுழியாகக் கொண்டாலும் இரண்டு ஊர்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வு மாறாது.

அதே பலகை இன்னொரு தவறையும் திருத்தும். துத்தநாகமும் வெள்ளி அயனியும் சேர்ந்த கலத்தில் வெள்ளியின் அரைவினையை இரண்டால் பெருக்கித்தான் எலக்ட்ரான்களைச் சமன்செய்ய முடியும். உடனே 0.80-ஐயும் இரட்டித்து 1.60 ஆக்கி, 2.36 வோல்ட் என்று விடை எழுதுவோர் உண்டு. சரியான விடை 1.56. மலை ரயிலில் ஒரு பெட்டி இறங்கினாலும் இரண்டு பெட்டிகள் இறங்கினாலும் ஊர்களின் உயர வேறுபாடு ஒன்றே, இரட்டிப்பது ஆற்றல். வோல்ட் என்பது ஒரு கூலும் மின்னூட்டத்துக்கு இத்தனை ஜூல் என்ற கணக்கு. எலக்ட்ரான்களைப் பெருக்கினால் ஆற்றலும் மின்னூட்டமும் சேர்ந்தே பெருகும், விகிதம் நிற்கும்.

இதை உணராதவர் இரும்பிடம் வந்து தோற்பார். ஃபெர்ரிக் அயனி ஓர் எலக்ட்ரான் பெற்று ஃபெர்ரஸ் ஆவதற்கு +0.77 வோல்ட், ஃபெர்ரஸ் இரண்டு எலக்ட்ரான் பெற்று இரும்பாவதற்கு –0.44. ஃபெர்ரிக்கிலிருந்து நேரே இரும்புக்கு எவ்வளவு? இரண்டையும் கூட்டினால் 0.33, அது தவறு. கூட்ட வேண்டியது கிப்ஸ் கட்டிலா ஆற்றலை. 0.77-ஐ ஒன்றாலும் –0.44-ஐ இரண்டாலும் பெருக்கிக் கூட்டினால் –0.11, அதை மூன்று எலக்ட்ரான்களுக்குப் பகிர்ந்தால் ஏறத்தாழ –0.04 வோல்ட். குறியே மாறிவிட்டது, பாருங்கள். இரண்டு அரைவினைகளைச் சேர்த்து முழுக்கலம் அமைக்கும்போது எலக்ட்ரான்கள் அடிபட்டுப் போவதால் அழுத்தங்களை நேரே கழிக்க முடிகிறது. மூன்றாவது அரைவினையொன்றை வருவிக்கும்போது அந்தச் சலுகை கிடையாது. இந்த ஒரு கணக்கைப் புரிந்து செய்தவருக்கு அத்தியாயத்தின் பாதி கைவந்துவிடும்.

செறிவு மாறும்போது கலத்தின் அழுத்தம் எவ்வளவு மாறும் என்பதற்கு நெர்ன்ஸ்ட் 1889-இல் தந்த சமன்பாட்டைப் பற்றி நீட்டத் தேவையில்லை. டேனியல் கலத்தில் 25 டிகிரி செல்சியஸில் துத்தநாக அயனி 1 மோலாரும் தாமிர அயனி 0.01 மோலாருமாக இருந்தால், வினைக் குணகம் 100, மடக்கை 2, 0.0591-ஐ எலக்ட்ரான் எண்ணிக்கையான 2-ஆல் வகுத்துப் பெருக்கினால் 0.059; கலத்தின் அழுத்தம் 1.04 ஆகிறது. செறிவு நூறில் ஒன்றாகக் குறைந்தும் இழப்பு இவ்வளவுதான். சமநிலையில் சுழியாவது கலத்தின் அப்போதைய அழுத்தம், திட்ட அழுத்தமன்று. அது 1.10 என்றே இருக்கும்; சமநிலை மாறிலி பத்தின் 37-ஆம் அடுக்கு அளவுக்குப் பெரிதாக இருப்பதும் அதனால்தான்.

அட்டவணைக்கும் எல்லை உண்டு. அலுமினியத்தின் அழுத்தம் –1.66, அட்டவணையை மட்டும் நம்பினால் அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் வைக்கவே முடியாது. மெல்லிய ஆக்சைடு படலம் அதைக் காக்கிறது. எது நடக்கக்கூடும் என்பதை அழுத்தம் சொல்லும், எவ்வளவு வேகத்தில் என்பதைச் சொல்லாது. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிமானத்தை ஆராய்ந்துவருவது, இந்த இரண்டாவது கேள்வி எவ்வளவு பெரியது என்பதைக் காட்டும்.

அரிமானத்திலும் பெயர்ச் சிக்கல் விடுவதில்லை. 1824-இல் ஹம்ஃப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் தாமிர உறையில் துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டுகளைப் பொருத்தினார். துண்டுகள் கரைந்தன, தாமிரம் தப்பியது. தாமிரம் கரையாததால் கடலில் அதன் நச்சும் கலக்கவில்லை. கொட்டலசுகளும் பாசியும் அடிப்பாகத்தில் அப்பிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்தன. இன்று எஃகுக் கப்பல்களில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். அவை தம்மையே இழக்கும் ஆனோடுகள், எலக்ட்ரான் தரும் எதிர்முனைகள். அவற்றை நேர்மின்வாய் என்று எப்படி எழுதுவது?

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அனோட்டு, கதோட்டு என்றே எழுதுகின்றன. அங்கே இந்தச் சிக்கல் எழுவதில்லை. தமிழகமும் ஆனோடு, கேத்தோடு என்ற சொற்களை வகுப்பறையின் முதன்மைச் சொற்களாக்கி, நேர், எதிர் என்பவற்றை முனைகளுக்கு மட்டும் ஒதுக்கலாம். கிரேக்கச் சொல் வேண்டாம் என்போருக்கு ஆக்சிஜனேற்ற மின்வாய், ஒடுக்க மின்வாய் என்பவை நீளமானாலும் பிழையற்றவை.

சொல்லை மாற்றும்வரை ஆசிரியர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரண்டு பீக்கர்கள், துத்தநாக சல்பேட், நீல நிறத் தாமிர சல்பேட், இரு தகடுகள், அகர் கலந்த பொட்டாசியம் குளோரைடு நிரப்பிய வளைந்த குழாய். மல்டிமீட்டரின் சிவப்புக் கம்பியைத் தாமிரத்திலும் கறுப்பைத் துத்தநாகத்திலும் வைத்தால் 1.10-ஐ ஒட்டிய எண் தெரியும். கம்பிகளை மாற்றிப் பிடிக்கச் சொல்ல வேண்டும். எண் அப்படியே நிற்க, முன்னால் ஒரு கழித்தல் குறி தோன்றும். பீக்கர்களுக்குள் எது மாறியது என்று அப்போது மாணவர்களிடம் கேட்கலாம்.