‘கற்பனை’ என்னும் தீர்ப்பு: மனச்சோர்வு மருத்துவத்தில் அறிதுயிலின் வரலாறு

முன்னுரை

ஹிப்னாஸிஸ் என்பதற்குத் தமிழில் மனவசியம், மனோவசியம், அறிதுயில் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. முதலிரண்டும் ஒருவர் மற்றொருவரைத் தம்வயப்படுத்துவதைக் குறிப்பன. மூன்றாவது, திருமாலின் யோகநித்திரையைக் குறித்து வந்த பழஞ்சொல். துயிலிலும் அறிவு விழித்திருப்பதைச் சுட்டுவது. குணமாக்கும் ஆற்றல் மருத்துவரிடம் உள்ளதா, நோயாளியிடம் உள்ளதா என்னும் வினாவில் இச்சொற்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கின்றன. ஐரோப்பிய மருத்துவம் அதே வினாவுடன் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் போராடியது. அப்போராட்டத்தின் தொடக்கத்தில் வழங்கப்பட்ட தீர்ப்பொன்று, மனச்சோர்வுக்கான சிகிச்சைகளை மதிப்பிடும் முறையில் எவ்வாறு தொடர்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாஸித் தோட்டத்துச் சோதனை

வியன்னாவில் மருத்துவம் பயின்ற பிரான்ஸ் அன்டன் மெஸ்மர், உடலில் பரவும் நுண்பாய்மம் ஒன்றின் தடையே நோய் என்றும், அத்தடையைத் தம் ‘விலங்குக் காந்தம்’ நீக்கும் என்றும் கூறிப் பாரிஸில் பெரும்புகழ் பெற்றார். 1784இல் பதினாறாம் லூயி இதனை ஆராயக் குழுக்களை அமைத்தார். அவற்றுள் ஒன்றில் பெஞ்சமின் பிராங்ளின், வேதியியலாளர் லவாய்சியர், வானியலாளர் பெய்லி, மருத்துவர் கில்லட்டின் ஆகியோர் இடம்பெற்றனர். குழு சோதித்தது மெஸ்மரின் சிகிச்சையை அன்று. அவருடைய மாணவர் டெஸ்லோனின் சிகிச்சையை.

பாஸியில் பிராங்ளின் தங்கியிருந்த இல்லத்துத் தோட்டத்தில் மரமொன்றுக்கு டெஸ்லோன் ‘காந்தமேற்றினார்’. அவரே தேர்ந்த 12 வயதுச் சிறுவன், கண்கள் கட்டப்பட்ட நிலையில், காந்தமேற்றப்படாத வேறு மரங்களிடம் ஒவ்வொன்றாக அழைத்துச் செல்லப்பட்டான். நான்காவது மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். கற்பனை மட்டும் இருந்தால் விளைவு உண்டாகிறது, காந்தம் மட்டும் இருந்தால் எதுவும் நிகழ்வதில்லை என்று குழு முடிவு செய்தது.

நோயாளி அறியாதவாறு சிகிச்சையைச் சோதிக்கும் முறையின் முன்னோடி என இந்நிகழ்வு மருத்துவ வரலாற்றில் போற்றப்படுகிறது. அப்போற்றுதலில் குழு கேளாமல் விட்ட கேள்வி மறைந்துபோயிற்று. இல்லாத காந்தம் ஒரு சிறுவனை மயக்கமுறச் செய்யுமாயின், செய்த அந்த ஆற்றல் யாது? கற்பனையால் நிகழும் மருத்துவமே சிறந்ததெனில் அதனையே ஏன் கைக்கொள்ளக் கூடாது என்று டெஸ்லோன் 1780இலேயே தம் நூலில் வினவியிருந்தார். குழுவைப் பொறுத்தவரை ‘கற்பனை’ என்பது விளக்கம் அன்று, தள்ளுபடி.

கோவாவிலிருந்து நான்சி வரை

அவ்வினாவை அறிந்தோ அறியாமலோ மீட்டெடுத்தவர், கோவாவின் காண்டோலிமில் 1756இல் பிறந்த பாதிரியார் அபே பாரியா ஆவார். 1813 முதல் பாரிஸில் பொதுமக்கள் முன்னிலையில் செயல்விளக்கம் நிகழ்த்திய அவர், மருத்துவரிடமிருந்து எதுவும் பாய்வதில்லை. துயில்பவரின் மனக்குவிப்பே அனைத்திற்கும் காரணம் என்றார். வாழ்நாளில் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஏளனமே. 1843இல் மான்செஸ்டரின் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு இந்நிலைக்கு ‘ஹிப்னாடிசம்’ என்னும் பெயரை நிலைநிறுத்தினார்.

நான்சி நகரில் லியேபோ என்னும் எளிய மருத்துவரின் பணியை 1882இல் நேரில் கண்ட பேராசிரியர் பெர்ன்ஹைம், கருத்தேற்றமே சிகிச்சையின் உயிர் என்றார். அறிதுயில் ஹிஸ்டீரியா நோயின் வெளிப்பாடே என்ற பாரிஸ் நரம்பியலாளர் ஷார்கோவை மறுத்து, கருத்தேற்புத் தன்மை இயல்பான மனம் அனைத்திற்கும் உரியது என வாதிட்டார். 1784இல் குற்றச்சாட்டாக இருந்தது ஒரு நூற்றாண்டு கழித்து மருந்தாயிற்று. 1889இல் நான்சிக்குச் சென்ற பிராய்டு சில ஆண்டுகள் அறிதுயிலைக் கையாண்டு பின்னர் கைவிட்டார். அதன்பின் இம்முறை மனமருத்துவத்தின் ஓரத்திற்குத் தள்ளப்பட்டது.

விலக்கப்பட்ட நோய்

1955இல் பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் அறிக்கை, சில உளநரம்பு நோய்களுக்கு அறிதுயிலைப் பயனுள்ள சிகிச்சையாக ஏற்றது. ஆயினும் மனச்சோர்வுக்கு அதனைப் பயன்படுத்தலாகாது என்னும் கருத்து மருத்துவர்களிடையே நெடுங்காலம் நிலவியது. சோர்வுற்றவரால் மனத்தைக் குவிக்க இயலாது என்பது ஒரு காரணம். செயலின்மை சற்றே விலகும்போது தற்கொலைக்கான உந்துதல் செயலாகிவிடலாம் என்பது மற்றொன்று. இவ்வச்சத்தை எளிதில் புறந்தள்ள இயலாது. எனினும் அது அறிதுயிலுக்கு மட்டும் உரியதன்று. மனச்சோர்வு மருந்துகளின் தொடக்கக் கட்டம் குறித்தும் இதே எச்சரிக்கை உண்டு. அங்கு அது கண்காணிப்புக்குக் காரணமாயிற்று, இங்கு விலக்குக்கு.

1992இல் மைக்கேல் யாப்கோ மனச்சோர்வும் அறிதுயிலும் பற்றி வெளியிட்ட நூல் இவ்விலக்கை நேரடியாக எதிர்த்தது. இனி நன்மை விளையாது என்னும் எதிர்பார்ப்பே மனச்சோர்வின் மையமாயின், எதிர்பார்ப்பை மாற்றவல்ல கருவியை அந்நோய்க்கே மறுப்பது முரணன்றோ?

தீர்ப்பு திரும்பி வருதல்

1998இல் இத்தீர்ப்பு எதிர்பாராத திசையில் திரும்பியது. அறிதுயிலை ‘ஏமாற்றில்லாத மருந்துப்போலி’ எனக் கருதியவர் உளவியலாளர் இர்விங் கிர்ஷ். அவரும் சபிர்ஸ்டைனும் 19 மருந்துச் சோதனைகளில் பங்கேற்ற 2318 நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்தாய்ந்து, மனச்சோர்வு மருந்துகளால் கிடைத்த முன்னேற்றத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு மருந்துப்போலியாலும் கிடைத்ததெனக் கூறினர். பாஸித் தோட்டத்தின் கேள்வி மாத்திரையிடம் கேட்கப்பட்டது. இம்முடிவு கடுமையாக எதிர்க்கப்பட்டது. 2018இல் சிப்ரியானி குழுவினர் 522 சோதனைகளைத் தொகுத்து, ஆராயப்பட்ட 21 மருந்துகளும் மருந்துப்போலியைவிடப் பயன் தருவன எனக் காட்டினர். வேறுபாட்டின் அளவு பற்றிய விவாதம் தொடர்கிறது.

அறிதுயிலுக்கு ஆதரவான சான்றுகளின் எண்ணிக்கை இதனோடு ஒப்பிடத்தக்கதன்று. 2007இல் கனடாவில் ஆசென் அலாடினும் அலிபாயும் 84 நோயாளிகளிடம் 16 வாரங்கள் நிகழ்த்திய ஆய்வில், அறிகைச் சிகிச்சையோடு அறிதுயிலைச் சேர்த்தபோது சற்றே கூடுதல் முன்னேற்றம் காணப்பட்டது. 2021இல் ஜெர்மனியின் டூபிங்கன் ஆய்வு, இலேசான மற்றும் மிதமான மனச்சோர்வுடைய 152 பேரை அறிதுயில் சிகிச்சை, அறிகை நடத்தைச் சிகிச்சை என இரு குழுக்களாகப் பிரித்தது. முன்னது பின்னதற்குத் தாழ்ந்ததன்று என்பது அதன் முடிவு. கடும் மனச்சோர்வுக்கு இம்முடிவை நீட்டிக்க இடமில்லை.

இவ்வாய்வின் அமைப்பு கவனத்திற்குரியது. அறிதுயில் பெறுபவரிடம் அதனை மறைக்க இயலாது. எதிர்பார்ப்பே அங்கு மருந்து. ஆகவே பாஸியில் நோயாளியின் கண்ணில் கட்டப்பட்ட துணி, டூபிங்கனில் மதிப்பீட்டாளரின் கண்ணுக்கு மாறியது: யார் எச்சிகிச்சை பெற்றார் என்பதை அறியாமலே அவர் நோயின் கடுமையை அளந்தார். ஆனால், எச்சிகிச்சையும் பெறாத மூன்றாம் குழு ஒன்று அவ்வாய்வில் இல்லை. காலம் செல்லச்செல்லத் தானே தணியும் சோர்வு எவ்வளவு, சொல்லால் தணிந்தது எவ்வளவு என்பதை அதன் எண்கள் பிரித்துக் காட்டவில்லை.