பூட்டுப் போட்ட கொம்பியூட்டர்

ராஸ்பெர்ரி பை எண்ட சின்னக் கொம்பியூட்டர் பலகையை வாங்கி, அதைப் பழைய வீடியோ கேம் பெட்டியாக மாற்றுவது இப்போது உலகம் முழுக்க நடக்கிற பொழுதுபோக்கு. மெமரி கார்ட்டில் ரெட்ரோபை மென்பொருளை ஏற்றி, ரீவியோடு இணைத்து, ஒரு கொன்ட்ரோலரையும் செருகினால் 80களின் கேம்கள் ஓடத் தொடங்கிவிடும். செய்முறை வீடியோக்கள் தாராளமாக இருக்கு. எங்களை இழுத்தது வேறொரு விசயம். கேம் பெட்டிகளால் வந்த ஒரு இழப்பைச் சரிசெய்யத்தான் இந்தப் பலகையே பிறந்தது.

1981 இல் பிபிசியின் கணினி எழுத்தறிவுத் திட்டத்துக்காக, கேம்பிரிட்ஜில் இருந்த ஏகோர்ன் கம்பனி 'பிபிசி மைக்ரோ'வைத் தயாரித்தது. சுவிட்சைப் போட்டவுடன் திரையில் பேசிக் மொழி வந்து நிற்கும். ஏதாவது எழுதினால்தான் வேலை நடக்கும். 1984 இல் டேவிட் பிரேபன், இயன் பெல் எண்ட இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் அதன் 32 கிலோபைட் நினைவகத்துக்குள் 'எலைட்' கேமை அடக்கினார்கள். எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 நட்சத்திரங்கள். இண்டைக்கு வட்ஸப்பில் வருகிற ஒரு படமே அதைவிடப் பெரிசு.

1983 இல் ஜப்பானில் நின்டென்டோவின் பெமிகொம் வந்தது. அதன் மூளையும் பிபிசி மைக்ரோவின் மூளையும் ஒரே குடும்பம்தான், 6502. ஆனால் இதில் எழுத இடமில்லை. கார்ட்டிரிட்ஜைப் போடு, விளையாடு, அவ்வளவுதான். 1985 இல் அமெரிக்காவுக்குப் போன வடிவத்தில், அனுமதியில்லாத கார்ட்டிரிட்ஜைத் தடுக்கிற ஒரு பூட்டுச் சிப்பையும் சேர்த்தார்கள். (எங்களில் பலர் 'ரீவி கேம்' எண்டு விளையாடினது பெமிகொம்மின் நகல்களைத்தான். பெமிகொம்மில் அந்தப் பூட்டு இல்லாதது நகலெடுத்தவர்களுக்கு வசதியாப் போச்சு.)

20 வருடம் கழித்து, கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிக்கிறவர்களும் அவர்களின் புரோகிராமிங் பழக்கமும் குறைவதை எபன் அப்டன் கவனித்தார். பிள்ளைகள் நோண்டிப் பழகிய வீட்டுக் கொம்பியூட்டர்களின் இடத்தை கேம் பெட்டிகள் பிடித்திருந்தன. 2009 இல் ராஸ்பெர்ரி பை அறக்கட்டளை உருவானது. தொடங்கினவர்களில் எலைட் எழுதிய அதே பிரேபனும் ஒருவர். 2012 பெப்ரவரி 29 அன்று பலகை விற்பனைக்கு வந்தது, விலை 35 டொலர். மொடல் ஏ, மொடல் பி எண்ட பெயர்கள் பிபிசி மைக்ரோவிடம் எடுத்தவை. உள்ளே இருக்கிற ஆர்ம் பிராசஸரின் மூதாதையும் ஏகோர்னில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்ததுதான்.

சனம் அதையும் கேம் பெட்டியாக மாற்றிவிட்டது. அதைத் தோல்வி எண்டு சொல்ல எங்களுக்கு மனமில்லை. பழைய மரியோவை ஓடவைக்கிற ஆசையில் லினக்ஸ் கட்டளை பழகினவர்கள், பலகையின் பின்களில் பட்டன்களை வயர் பிடித்து ஒட்டினவர்கள் எத்தனையோ பேர். எமுலேட்டர் எண்டதே ஒரு நல்ல பாடம்: பழைய சிப் செய்த ஒவ்வொரு வேலையையும் மென்பொருள் நடித்துக் காட்டவேணும்.

ஆனால் இன்னொரு பூட்டு அப்படியே இருக்குது. பிளேஸ்டேஷன் எமுலேட்டர் ஒன்றை எதிர்த்து சோனி போட்ட வழக்கில், 2000 இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செய்த கொனெக்டிக்ஸ் கம்பனியின் பக்கம் நின்றது. அதாவது, நடிக்கலாம். கேமை நகலெடுத்துப் பகிரத்தான் கூடாது. 2018 இல் கேம் கோப்புகளைப் பகிர்ந்த தளங்களை நடத்தினவர்கள் நின்டென்டோவுக்கு 12 மில்லியன் டொலருக்கு மேல் கொடுக்கச் சம்மதிக்கவேண்டி வந்தது.

படைத்தவர்களின் உரிமை முக்கியம்தான். ஆனால் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 இல் செய்த ஆய்வின்படி, 2010 க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் அப்போது வணிக ரீதியாக விற்பனையில் இருக்கவில்லை. உரிமையாளர் விற்கவும் மாட்டார், விடவும் மாட்டார். அப்படிப்பட்ட கேம்களை ஆய்வாளர்களுக்கு இணையவழி பார்க்கக் கொடுக்க நூலகங்கள் அனுமதி கேட்டன. 2024 ஒக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அதையும் மறுத்துவிட்டது.