மூன்று கப்பல்களும் ஒரு படவும்



இந்த வாரத் தியானத்திற்கு அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பவுல் கைதியாக ரோமாபுரிக்குச் சென்ற கடற்பயணத்தை நீங்கள் பலமுறை வாசித்திருப்பீர்கள். அந்தப் பயணம் ஒரே கப்பலில் நடைபெறவில்லை. மூன்று கப்பல்கள் அதில் வருகின்றன. ஒரு சிறு படவும் வருகிறது. இவை ஒன்றுக்கொன்று எவ்வாறு வேறுபட்டன என்பதை அறிந்தால் அந்த அதிகாரத்தின் செய்தி இன்னும் தெளிவாகும்.

அக்காலத்து மத்தியதரைக் கடலின் பெரிய கலங்களை நீண்ட கப்பல், உருண்ட கப்பல் என்று கிரேக்கர் இருவகையாகப் பிரித்தனர். நீண்ட கப்பல் போருக்கானது. மூன்று வரிசைத் துடுப்புகள் கொண்ட போர்க்கப்பல் ஒன்று ஏறக்குறைய 37 மீட்டர் நீளம் இருந்தும், அகலத்தில் ஆறு மீட்டரைத் தொடவில்லை. 170 பேர் அதில் துடுப்பு வலித்தனர். பாயும் உண்டு, ஆனால் போர் நேரத்தில் பாயை நம்பமாட்டார்கள். அதற்கு வேகம் இருந்தது; சரக்கு ஏற்ற இடமில்லை. உருண்ட கப்பலோ வாணிபத்திற்கானது. அகன்ற வயிறும் ஆழ்ந்த அடிப்பாகமும் உடையது. பெரிய சதுரப் பாயில் விழும் காற்றே அதை நடத்தியது. பவுல் ஏறிய மூன்றும் இந்த வகையைச் சேர்ந்தவை.

ஆயினும் அவற்றிலும் வேற்றுமை உண்டு. முதலாவது, அதிரமித்தியம் ஊர்க் கப்பல். ஆசியாவின் கரையோரமாகத் துறைதுறையாகச் செல்வது அதன் தொழில். மீறா பட்டணத்தில் நூற்றுக்கு அதிபதியாகிய யூலியு, இத்தாலியாவுக்குப் போகும் அலெக்சந்திரியா கப்பலைக் கண்டு, கைதிகளை அதில் ஏற்றினான். எகிப்திலிருந்து ரோமுக்குப் போகும் கப்பல் வடக்கே மீறாவுக்கு ஏன் வரவேண்டும்? சதுரப் பாய் பின்னாலிருந்து வீசும் காற்றில் நன்றாக ஓடும், எதிர்க்காற்றில் திணறும். கோடையில் அக்கடலில் வடமேற்குக் காற்றே வீசுகிறது. ஆகவே தானியக் கப்பல்கள் முதலில் வடக்கே ஏறி, பிறகு கரையின் ஒதுக்கில் மேற்கே சென்றன. திரும்பும்போது அதே காற்று அவற்றை விரைவாக எகிப்துக்குக் கொண்டுசேர்த்தது.

இத்தகைய கப்பல்கள் மிகப் பெரியவை. இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் லூசியன், 120 முழம், அதாவது ஏறக்குறைய 55 மீட்டர் நீளமுள்ள ஒரு தானியக் கப்பலை வருணிக்கிறார். யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் ரோமுக்குச் சென்ற கப்பலில் சுமார் 600 பேர் இருந்ததாக எழுதுகிறார். பவுலின் கப்பலில் இருந்தவர்கள் 276 பேர்.

ரோமின் அப்பம் இந்தக் கப்பல்களையே நம்பியிருந்தது. அதனால், சில ஆண்டுகளுக்கு முன் ஆண்ட கிலவுதியு இராயன், புயலால் வரும் நஷ்டத்தை அரசே ஏற்கும் என்று வணிகருக்கு உறுதியளித்து, மழைக்காலத்திலும் தானியம் கொண்டுவரத் தூண்டினான். உபவாச நாள் கடந்தும் கப்பல் எஜமான் பவுலின் எச்சரிப்புக்குச் செவிகொடாததை இந்தப் பின்னணியில் வாசியுங்கள்.

பிறகு யூரோக்கிலிதோன் மோதியது. கப்பலைச் சுற்றிக் கயிறுகள் கட்டினர்; சரக்கை எறிந்தனர்; கடைசியில் கோதுமையையும் கடலில் எறிந்தனர். 1848இல் ஜேம்ஸ் ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துப் படகோட்டி, இத்தகைய கப்பல் கிலவுதா தீவிலிருந்து மெலித்தாவரை காற்றில் அடித்துச்செல்லப்பட ஏறக்குறைய 13 நாட்கள் ஆகும் என்று கணக்கிட்டார். லூக்கா சொல்வது பதினாலாம் இராத்திரி!

படவின் கதையைக் கவனியுங்கள். துறையில் கரைக்குப் போகவும் நங்கூரம் போடவும் பயன்படும் சிறு கலம் அது. நள்ளிரவில் மாலுமிகள் நங்கூரம் போடுவதுபோலப் பாவனை செய்து, அதை இறக்கித் தப்பியோடப் பார்த்தனர். பவுலின் வார்த்தையைக் கேட்ட சேவகர் கயிறுகளை அறுத்துப் படவை விழவிட்டனர். காலையில் பெரிய கப்பல் மணல்திட்டில் முட்டி ஊன்றிக்கொண்டது. ஆழ்கடலில் அதற்குப் பலமாயிருந்த ஆழ்ந்த அடிப்பாகம், கரையருகே அதற்குக் கண்ணியாயிற்று. ஆழமில்லாத தண்ணீரில் ஓடக்கூடிய படவோ கையில் இல்லை. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினர். மற்றவர்கள் பலகைகளைப் பற்றிக்கொண்டனர். 276 பேரும் கரைசேர்ந்தனர்.

தேவன் பவுலுக்கு வாக்களித்தது மனிதரின் உயிரை, கப்பலை அல்ல. அழிவது கப்பல் மாத்திரமே என்று பவுல் முன்னமே சொல்லியிருந்தான். மூன்று மாதத்திற்குப்பின் அவனை ஏற்றிச்சென்றது, மிதுனம் என்னும் புறஜாதித் தெய்வங்களின் அடையாளத்தைத் தாங்கிய வேறொரு அலெக்சந்திரியா கப்பல். கலம் மாறியது, அழைப்பு மாறவில்லை.

ஆலயத்தில் மக்கள் அமரும் நடுக்கூடத்திற்கு மேலைநாட்டுச் சபைகள் கப்பல் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லையே பெயராக வைத்தன. பிரியமானவர்களே, நாமும் கலங்களைக் கட்டுகிறோம்: சங்கங்கள், குழுக்கள், ஆராதனை முறைகள், கட்டடங்கள். ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் காற்றுக்கு ஏற்றபடி கட்டப்பட்டது. காற்று மாறும்போது, நேற்றுப் பலமாயிருந்ததே நம்மை மணலில் ஊன்றவைக்கலாம். அப்போது நாம் எதை எண்ணுவோம்? பலகைகளையா, ஆத்துமாக்களையா?

கப்பலை விட்டுவிட வேண்டிய வேளை வரலாம். ஆனால் உடன் பயணிப்பவர்களை விட்டுவிட்டு, இருளில் நமக்கு மட்டும் ஒரு படவை இறக்கும் உரிமை நமக்கு இல்லை. இந்த வாரம் உங்கள் வீட்டிலும், நமது சபையிலும், அப்படி இரகசியமாய் இறக்கப்படும் படவு ஏதேனும் உண்டா என்று ஜெபத்தோடு ஆராயுங்கள். உண்டானால், கயிற்றை இன்றே அறுத்துவிடுங்கள்.

ஜெபம்: கடலையும் காற்றையும் ஆளுகிற ஆண்டவரே, எங்கள் கலங்களைவிட எங்கள் சகோதரரை நேசிக்க எங்களுக்குக் கிருபை தாரும். ஆமென்.